தொண்ணூற்று நாலு மேலட்டைகள்

அந்தப் புத்தகங்கள் மட்டும் கட்டாக இருந்தன.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் பழைய தாள் பேலைக் கம்பி வெட்டிப் பிரித்தால், எதுவும் எதோடும் சேராமல்தான் சரியும். பால் டப்பாவின் அட்டை, பள்ளிக்கூட நோட்டு, பல் டாக்டரின் விளம்பரம், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. எங்கோ ஒரு நாட்டில் நூறு வீடுகள் தூக்கி எறிந்ததை ஓர் இயந்திரம் அழுத்திச் சதுரமாக்கி அனுப்பியிருக்கும். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், கோழிப்பண்ணைகளுக்கு முட்டை அட்டை செய்யும் கம்பெனியில் சித்ரா ஆறு வருடமாகப் பழைய தாள் பிரிக்கிறாள். பச்சைப் பிளாஸ்டிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திய நாலு கட்டுகளை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கயிற்றை அறுத்தாள். எல்லாம் ஒரே பத்திரிகை, மாதாமாதம் வருவது. சீன எழுத்து. ஒவ்வொரு மேலட்டையிலும் ஒரு மனிதர், அல்லது ஒரு புருஷன் பெண்டாட்டி, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது.

“அத்தனையும் பல்லக் காட்டிட்டு நிக்குதுக பாரு,” என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த பொன்னாயி. “முட்டை வெலை ஏறிப்போச்சாட்ட இருக்குது.”

“இது பணங்காசுப் புஸ்தகமாட்ட இருக்குதுக்கா. பாருங்க, நாணயமெல்லாம் அடுக்கி வெச்சிருக்குது.”

“பணம் சேக்கற வழிய எழுதுனவன் புஸ்தகம் நம்ம தொட்டிக்குத்தான் வந்து சேந்துருக்குது. போடு புள்ள.”

மேலட்டைக்கு லேமினேஷன் இருந்தால் கூழ்த் தொட்டியில் கரையாது. அச்சில் போய் ஒட்டிக்கொண்டு முட்டை அட்டையில் ஓட்டை விழும். அதனால் மேலட்டையைக் கிழித்துத் தனியாக வைக்க வேண்டும். அது செங்கல் சூளைக்குப் போய்விடும். பின்னைப் பிடுங்க வேண்டும். உள்தாளைத் தொட்டியில் வீச வேண்டும். கிழி, பிடுங்கு, வீசு. ஒரு புத்தகத்துக்கு நாலு நொடி. சித்ராவின் கை அதைத் தானாகவே செய்யும்.

உள்தாள்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை அவள் பார்த்தாள். சில பக்கங்களில் மேலே மட்டும். சிலவற்றில் நாலு புறமும் சுற்றி எழுதியிருந்தது. ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று.

“அக்கா, படிச்சு முடிச்சுட்டீங்கன்னா தொட்டிக்குப் போடுங்கக்கா,” என்றான் தொட்டியின் மேடையில் நின்ற குமரகுரு. அவன்தான் சூப்பர்வைசர். “கூழு தண்ணியா கெடக்குது.”

அச்செழுத்தும் அவளுக்குத் தெரியாது, பென்சில் எழுத்தும் தெரியாது. இரண்டும் ஒன்றுதான். வீசினாள்.

சாயங்காலம் மேலட்டைக் குவியலிலிருந்து அவற்றை மட்டும் பொறுக்கி எண்ணினாள். தொண்ணூற்று நாலு. “எடுத்துக்கட்டுங்களா?” என்று குமரகுருவிடம் கேட்டாள். சூளைக்குப் போவதுதானே என்று அவன் கையை ஆட்டினான்.

வீட்டில் சுவர் நிறைய இருந்தது. புருஷன் சின்னராஜ், போர்வெல் போடும் ரிக் வண்டிக் காசில் கட்டிய வீடு. இரண்டு அறை, சிமென்ட் பூச்சு, வெள்ளையடிக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது அடிக்கலாம் என்று மூன்று தடவை வந்துபோய்விட்டான். போர்வெல் வண்டியில் ஏறினால் பத்து மாதம். இப்போது ஒடிசாவில் இருந்தான். மகள் சௌந்தர்யா நாமக்கல்லில் ஹாஸ்டலோடு இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசலாம். பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

மைதாப் பசை காய்ச்சி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பன்னிரண்டு மேலட்டைகளை ஒட்டினாள். மிச்சத்தை அரிசி டப்பாவின் மேல் அடுக்கினாள். ஒட்டிக்கொண்டிருக்கும்போது சின்னராஜ் கூப்பிட்டான்.

“சாப்டயா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“கெடக்குது. நாலு நாளா ஒரே எடத்துல நிக்கறோம். அறுநூறு அடி போயும் மண்ணுதான் பொகையுது.”

“தண்ணி வந்துருமுங்க.”

“வந்தா வருது. என்ன பண்ற?”

“செவுத்துல படம் ஒட்டறனுங்க. சைனாக்காரங்க படம்.”

“எவங்க படம்?” என்றான். பிறகு யாரோ அவனை அழைத்தார்கள். “சரி, வெச்சர்றேன். பாப்பாவக் கேட்டேன்னு சொல்லு.”

முழுப் பரீட்சை லீவில் வந்தபோது, வேறு பாஷையைத் தமிழாக்கும் செயலி ஒன்றைச் சௌந்தர்யா அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். கேமராவை எழுத்தின் மேல் பிடித்தால் தமிழ் மிதந்து வரும். சித்ரா ஒவ்வொரு மேலட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். ‘ஐம்பதில் தொடங்கினாலும் தாமதம் இல்லை.’ ‘உங்கள் பணம் உங்களுக்கு முன்பாக இறக்கக் கூடாது.’ ‘தனியாக வாழ எவ்வளவு வேண்டும்? நிபுணர் கணக்கிடுகிறார்.’ கடைசியதை இரண்டு தடவை படித்தாள். நிபுணர் என்ன கணக்குச் சொன்னாரோ, அது தொட்டிக்குப் போய்விட்டது.

எல்லா மேலட்டையிலும் கீழே வலது மூலையில் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் மட்டும் இங்கிலீஷ். ஒரே பெயர், ஒரே விலாசம். லீ சுவீ ஹூன், ஈப்போ, மலேசியா. தேதிகளைப் பார்த்தாள். கிட்டத்தட்ட எட்டு வருடம், நடுவில் ஒரே ஒரு மாதம் தவிர, விடாமல் ஒருவர் வாங்கியிருக்கிறார். வாங்கி, படித்து, மூலை பொருந்தக் கட்டி வைத்திருக்கிறார். வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டதும் சித்ரா அந்தப் பெயரைத்தான் முதலில் பார்க்கத் தொடங்கினாள். பெண்ணின் பெயர் என்று போனில் தேடியபோது வந்தது. கண்ணாடி போட்ட, குட்டை முடி வெட்டிய, சிக்கனமான ஓர் அம்மாவை அவள் நினைத்துக்கொண்டாள். சோறு வடிக்கும்போது, “உங்க ஊர்லயும் மழைங்களா?” என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். கேட்டபிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

அடுத்த வாரம் கடிதம் எழுதினாள். போனில் பேசினால் அது சீனத்தில் எழுதிக் கொடுத்தது. ஆனால் அவள் பேசுகிற தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. ஊடு என்றாலும் வாரேன் என்றாலும் முழித்தது. டிவியில் செய்தி வாசிப்பவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“வணக்கம். உங்கள் புத்தகங்கள் எங்கள் ஊருக்கு வந்திருக்கின்றன. மிகவும் அழகாக இருக்கின்றன. நான் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் நலமா?”

பெயரையும் போன் நம்பரையும் சேர்த்து, திருச்செங்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தாள். கடைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பிசினஸுங்களா?” என்றார். “ஆமாங்க,” என்றாள். தபாலாபீசில் அந்த ஈப்போ விலாசத்துக்கு அனுப்பினாள்.

ஐந்து வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து வாட்சப்பில் செய்தி வந்தது. அனுப்பியவரின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. செய்தி தமிழில் இருந்தது, அவளுடைய செயலி எழுதுவதைப் போன்ற தமிழில்.

“அன்புள்ள அறியப்படாத சகோதரி. என் பெயர் சியூ யின். உங்கள் கடிதம் பழைய வீட்டின் தபால் பெட்டியில் இருந்தது. லீ சுவீ ஹூன் என் தாய். அவர் ஏழு ஆண்டுகளுக்கு முன் இறந்தார். அவர் பத்திரிகையை ஒரு வருடம்தான் படித்தார். என் தந்தை சந்தாவை நிறுத்தவில்லை, பெயரை மாற்றவும் இல்லை. கடந்த பிப்ரவரியில் தந்தையும் இறந்தார். நான் வேறு நகரத்தில் இருந்தேன். வீட்டைக் காலி செய்ய ஆட்களை நியமித்தேன். அவர்கள் எல்லாக் காகிதத்தையும் எடுத்துச் சென்றார்கள். நான் பார்க்கவில்லை.”

அதன் பின்னால் ஒரு படம். பத்திரிகையின் உள்பக்கம் ஒன்று. ஓரத்தில் பென்சில் எழுத்து.

“இது துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் விழுந்து கிடந்தது. இந்த ஒன்று மட்டும். தந்தை எழுதியது: ‘மீன் விலை ஏறிவிட்டது. நீ சொன்னபடி சிறிய மீன் வாங்கினேன். முள் அதிகம். இரண்டு நாட்களாக மழை. சியூ யின் அழைக்கவில்லை, வேலை இருக்கும்.’ அவர் மாதந்தோறும் என் தாய்க்கு எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியாது. சகோதரி, உங்களிடம் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன?”

சித்ரா டிபன் பாக்ஸை மூடினாள். கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்று நாலு. ஒவ்வொன்றுக்கும் நாலு நொடி.

பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அவள் எழுதியது பொய்யில்லை. ஆறு வருடமாக அவளுக்குப் புத்தகம் என்றால் கையில் மிஞ்சுகிற மேலட்டைதான். உள்ளே இருப்பது கூழ். அப்படித்தான் அவள் கண் பழகியிருந்தது. அதை இந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் அவள் எழுதிய பதிலில் ஓர் எண் மட்டும் இருந்தது. தொண்ணூற்று நாலு.

உடனே போன் நடுங்கியது. அழுகிற பொம்மை முகங்கள், கும்பிடுகிற கைகள். பிறகு கேள்விகள். உங்கள் ஊர் எப்படி இருக்கும்? உங்கள் குடும்பம்? இன்று என்ன உணவு? நான் நேரில் வந்தால் புத்தகங்களைத் தருவீர்களா?

பதினோரு நாள் அப்படிப் போனது. வேலை விட்டு வந்ததும் சித்ரா போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பச்சைப்பயறு கடைந்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். சியூ யின் தன் ஜன்னலில் வழியும் மழையை அனுப்பினாள். அவள் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள், கல்யாணம் ஆகவில்லை, நாற்பத்தொரு வயது. அப்பா திருகாணியும் கதவுக் கீலும் விற்கிற கடை வைத்திருந்தார். பங்குச் சந்தையில் ஒரு காசு போட்டதில்லை. “அந்தப் பத்திரிகை சொன்ன எதையும் அவர் செய்யவில்லை,” என்று எழுதினாள். “ஆனால் அம்மா செய்யச் சொல்லியிருப்பாள் என்று வாங்கினார் போலும்.” சித்ரா சிரித்தாள். ஒருநாள் காய்ச்சலில் வேலைக்குப் போகவில்லை என்று சொன்னபோது, மாத்திரை போட்டாயா என்று சியூ யின் மூன்று முறை கேட்டாள். இந்த வருடம் அவளை அப்படி யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

நடுவில் ஒருநாள் குமரகுருவிடம் போய் நின்றாள். “அந்தச் சைனாப் புஸ்தகம் வந்த லோடுல மிச்சம் ஏதாச்சும் கெடக்குதுங்களா?”

“அதா? அது எப்பவோ கூழாயி, அட்டையாயி, முட்டையோட கேரளா போயி, அங்க ஆம்லெட்டும் ஆயிருக்குமுங்கக்கா.” சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “பின்னால மூணு பேலு கெடக்குது. அதே லோடான்னு தெரியாது. வேணும்னா பாத்துக்கங்க.”

பொன்னாயியும் கூட வந்தாள். வேலை முடிந்து இரண்டு சாயங்காலம் மூன்று பேலையும் பிரித்தார்கள். மாத்திரைப் பெட்டிகள். ஒரு நாய்க்குட்டி விளம்பரம், அதே விளம்பரம் ஆயிரம் பிரதி. சீன எழுத்து ஒன்றுகூட இல்லை. முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் சித்ரா பொன்னாயியிடம் முழுவதையும் சொன்னாள்.

“அட அதுக்கென்ன,” என்றாள் பொன்னாயி. “நீயா சொல்லாத. அவ வாரேன்னா வரட்டும். வந்து பாத்தா ரெண்டு நாளு அழுவா. ஒரு கோழியடிச்சுச் சோறு போடு. உன்ற ஊட்டுல ஒரு ஆளு தங்குன மாதிரியும் ஆச்சு.”

“அது பாவமுங்கக்கா.”

“பாவந்தான். நீ ஊட்டுல அந்தச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறது மட்டும் என்னவாம்?”

அன்று இரவு சியூ யின் எழுதினாள்: “டிக்கெட் எடுத்துவிட்டேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சி. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி காலை. என் வாழ்வில் முதல் இந்தியா. நீங்கள் வாசலில் நிற்பீர்களா? நான் உங்களை எப்படி அறிவேன்?”

மறுநாள் சித்ரா சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு புதுப் போர்வையும் தலையணை உறையும் வாங்கினாள். ஊதாப் பூப் போட்டது. கடைக்காரர், “விருந்தாளிங்களா?” என்றபோது ஆமாம் என்று சொல்ல நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் விரித்தாள். விரித்த போர்வையில் உட்காரவே முடியவில்லை. அந்தப் பெண் இந்தக் கட்டிலில் உட்கார்ந்து, கொண்டா என்று கையை நீட்டுவாள். அப்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று சித்ராவுக்குத் தெரிந்தது.

செய்தி வாசிப்பவளின் தமிழில் போனிடம் சொன்னாள். செயலி சீனமாக்கியதை மறுபடி தமிழாக்கிப் பார்த்தாள், தான் சொன்னதுதான் போகிறதா என்று. மூன்று தடவை பார்த்தாள்.

“உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பது மேலட்டைகள் மட்டும்தான். உள்ளே இருந்த தாள்களை நான்தான் கிழித்துக் கூழ்த் தொட்டியில் போட்டேன். அதுதான் என் வேலை. பென்சில் எழுத்தைப் பார்த்தேன். என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு புத்தகத்தில் நாலு புறமும் சுற்றி எழுதியிருந்தார். அதை மட்டும் திருப்பிப் பார்த்தேன். பிறகு அதையும் போட்டுவிட்டேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். உங்களோடு பேச ஆசைப்பட்டுச் சொல்லவில்லை.”

அனுப்பினாள். இரண்டு டிக்குகளும் நீலமாயின. மஞ்சள் பூனை பார்த்துக்கொண்டிருந்தது. பதில் இல்லை.

அடுத்த நாளும் இல்லை. அந்த வாரமும் இல்லை. சித்ரா எதுவும் அனுப்பவில்லை. மன்னிப்புக் கேட்டால் பதில் கேட்பதுபோல ஆகிவிடும் என்று பட்டது. சௌந்தர்யா ஞாயிற்றுக்கிழமை பேசினாள். “அம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?”

“ஒண்ணுமில்ல சாமி. தாள் தூசி.”

“மாஸ்க் போட்டுக்கம்மா. அம்மா, டைம் ஆச்சு, வெச்சர்றேன்.”

பன்னிரண்டாம் தேதி நெருங்கியது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் என்று சியூ யின் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வராமல்தான் இருப்பாள். ஆனால் ஒருவேளை வந்து, பாஷை தெரியாத ஊரில் பெட்டியோடு வாசலில் நின்றால்? சித்ரா குமரகுருவிடம் ஒருநாள் லீவு கேட்டாள். விடிவதற்கு முன்பே நாமக்கல்லில் திருச்சி பஸ்ஸைப் பிடித்தாள். இறங்கி டவுன் பஸ் மாறினாள். மடியில் ஒரு துணிப்பையில் மேலட்டைகள் இருந்தன. ஒட்டிய பன்னிரண்டையும் தண்ணீர் தடவி உரித்துக் காயவைத்து எடுத்துவந்திருந்தாள்.

விமான நிலையத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. வெளியே வரும் கதவுக்கு எதிரில் கம்பித் தடுப்பு. அதன் இந்தப் பக்கம் மாலையோடும் குழந்தைகளோடும் ஜனம். சிலர் பெயர் எழுதிய காகிதத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சித்ராவும் ஒரு மேலட்டையை எடுத்து, பெயர்ச்சீட்டு தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கோலாலம்பூர் விமானம் வந்துவிட்டது என்று போர்டில் எழுத்து மாறியது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் யாரையோ கட்டிக்கொண்டு அழுதார். போர்வை சுற்றிய டிவிப் பெட்டிகள் வந்தன. சீன முகமுள்ள இரண்டு பெண்கள் வந்தார்கள். சித்ரா மேலட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். ஒருத்தி அதைப் பார்த்தாள், பணப் பத்திரிகை என்று அடையாளம் தெரிந்ததோ என்னவோ, லேசாகச் சிரித்துவிட்டு வாடகைக் கார் இருக்கும் பக்கம் போனாள். பிறகு ஒரு குடும்பம். பிறகு விமானச் சிப்பந்திகள், சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு. பிறகு கதவு நெடுநேரம் திறக்கவில்லை.

தடுப்பருகே கூட்டம் கரைந்தது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் அவள் காலருகே வந்து நின்றாள். “யாரு வரணும்மா?”

“மலேசியாவுலருந்து ஒருத்தருங்க.”

“மலேசியா வண்டி ஆளெல்லாம் போயாச்சே. அடுத்தது சாயங்காலம்தான்.”

சித்ரா தள்ளிப்போய் ஒரு தூணருகே உட்கார்ந்தாள். தாகமாக இருந்தது. பத்து நிமிடமோ அரை மணியோ கழித்துப் போன் நடுங்கியது. மஞ்சள் பூனை.

“இன்று நான் விமானத்தில் ஏறவில்லை. இதை முன்பே எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மீது கோபம் இருந்தது. பிறகு என் மீது. அந்தப் புத்தகங்கள் எட்டு வருடம் அவர் வீட்டில் இருந்தன. நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. நீங்கள் ஒன்றையாவது திருப்பிப் பார்த்தீர்கள். இப்போது ஒரு பயம் வந்தது. நீங்கள் திருச்சிக்குப் போய் எனக்காகக் காத்திருக்கவில்லையே?”

சித்ரா அதை இரண்டு முறை படித்தாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவில் வெயில் ஏறியிருந்தது.

“இல்லைங்க,” என்று போனிடம் சொன்னாள். செயலி காத்திருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். “இல்லை. இன்று எனக்கு வேலை நாள். நான் கம்பெனியில் இருக்கிறேன்.”

டிக்குகள் நீலமாயின. “நல்லது,” என்று வந்தது. “நிம்மதி.” அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

துணிப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து டவுன் பஸ் ஏறினாள். பஸ் நிலையத்தில் நாமக்கல் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைப் பக்கத்தில் வைத்தாள். கண்டக்டர் வந்து பையைப் பார்த்தார்.

“கூட ஆளு வருதா?”

“இல்லைங்க,” என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “நாமக்கல் ஒண்ணுங்க.”